சேசுராயன் திரும்பும் தேதி

திரும்பும் தேதி என்ற கட்டத்தில் பிப்ரவரி 31 என்று இருந்ததைச் செலின் திரையில் விரல் வைத்து மறுபடி படித்தாள். கப்பல்காரர் சங்கத்தின் இணையதளத்தில் எந்தத் தேதி பதிவாகியிருக்கிறதோ, அந்தத் தேதியில்தான் அந்தத் துறைமுக ஊருக்கு ஆட்கள் திரும்பிவந்தார்கள். கடலும் கப்பல் கம்பெனிகளும் அதற்கேற்ப நடந்துகொண்டன.

அவள் கணவன் சேசுராயனுக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை. எல்லா மாதமும் முப்பத்தொன்றில் முடிவதாக நினைத்துக்கொண்டிருப்பவன். பிப்ரவரி கடைசியில் வந்துவிடுவதாக அவளிடம் சொன்னதையே படிவத்திலும் நிரப்பிவிட்டுப் போயிருந்தான். அதற்குப் பிறகு மூன்று பிப்ரவரிகள் போய்விட்டன. ஒவ்வொரு முறையும் மாதத்தின் கடைசி நாள் மாலையில் அவனுடைய கப்பல் கலங்கரை விளக்கத்துக்கு அப்பால் வந்து நின்றது. மார்ச் பிறந்ததும் அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது. செலின் மதியச் சமையலுக்குத் திரும்பினாள்.

இதுவரை சங்கத்தில் தேதிகளை வெறும் எழுத்துகளாகச் சேமித்திருந்தார்கள். எழுத்தாக எதையும் வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் நிஜத் தேதிகளாக மாற்றப்போவதாக, டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் பால்வண்ணன் சொன்னார். காலண்டரில் இல்லாத தேதிகள் காலியாகிவிடும். கட்டம் காலியானவர்கள் திரும்புவதில்லை.

இருபத்தெட்டு என்று திருத்திவிடட்டுமா என்று கேட்டார். செலின் வேண்டாம் என்றாள். அதே தெரு மரியதங்கத்தின் மகனுக்கு அப்படித்தான் தேதியைத் திருத்தி இரண்டு மாதம் முன்கூட்டியே வரவைத்தார்கள். ஆள் வந்துவிட்டான். அவன் குரல் மட்டும் பழைய தேதிக்குத்தான் வந்து சேர்ந்தது. சேசுராயனுடைய பழைய தேதி ஒருநாளும் வராது.

"அப்ப பிப்ரவரிக்கு மூணு நாள் சேக்கணும்" என்றார் பால்வண்ணன். "புதுசா நாள் உண்டாக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. இருக்கிறத நகத்தலாம். உரியவங்கள்ல ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

முதல் நாளை அவரே கொடுத்தார். ஜூன் முப்பது, அவர் ஓய்வுபெற வேண்டிய நாள். வீட்டில் தன்னை யாரும் தேடிக்கொண்டிருக்கவில்லை என்றார். வருகிற ஆகஸ்டிலிருந்து செலின் தன் பிறந்தநாளைக் கொடுத்தாள். வயது முப்பத்தாறில் நின்றுகொள்ளும். மூன்றாவதற்குத் தெருவில் கேட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ரொசாலி ஒரு செவ்வாய்க்கிழமையைத் தர இருந்தாள். ஆனால் அதில் ஏற்கெனவே துணி ஊறப்போட்டிருந்தாள்.

வியாழக்கிழமை பால்வண்ணன் தேடிப் பார்த்ததில் செலின் பெயரில் இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. மே பன்னிரண்டு, அவளுக்கும் சேசுராயனுக்கும் கல்யாணம் நடந்த நாள்.

"இங்க கொண்டுவந்தா அங்க இருக்காது" என்றார்.

"தெரியும் சார்."

"அவருக்கும் இருக்காது."

செலின் ஜன்னல் வழியாகக் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாசல் வரைக்கும் வந்தாப் போதும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அந்த வருடம் பிப்ரவரி நிதானமாக முடிந்தது. இருபத்தொன்பதாம் தேதி சங்கத்து ஊழியர்கள் ஆளுக்கொரு பிரிவுபசார மாலையுடன் வந்து, போடுவதற்கு ஆளில்லாமல் திரும்பினார்கள். முப்பதாம் தேதி தெருவில் எல்லா வீட்டிலும் பாயசம் வைத்தார்கள். முப்பத்தொன்றாம் தேதி காலையிலிருந்தே கோயில் மணி அடித்தது. ரொசாலி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கினாள்.

பதினொரு மணிக்குச் சேசுராயன் வந்தான். கதவு திறந்திருந்தும் உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பையைக் கீழே இறக்கி, சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். காதோரம் நரைத்திருந்தது.

"சேசுராயன்னு பேரு. கப்பல்ல வேலை" என்றான். குரல் அவனுடையதுதான். "இந்த வீட்டுல பொண்ணு இருக்குன்னு சொன்னாங்க."

"இருக்கு" என்றாள் செலின். "உள்ள வந்து உக்காருங்க."

அடுக்களைக்குப் போய், விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிச் சீனி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.