நச்சுக்கொடி, தொடாதீர்

ஐஸ் பெட்டியின் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. மாலை போட வந்தவர்கள் ஒவ்வொருவராக அதன்மேல் கை வைக்க, அது கடகடவென்று சத்தம் போட்டது. உள்ளே படுத்திருந்த சின்னையன் உயிரோடு இருந்த அறுபத்திரண்டு வருஷத்திலும் சேர்த்து இவ்வளவு சத்தம் போட்டிருக்க மாட்டார். மகன் ராஜவேல் பொறுக்க மாட்டாமல் கொல்லைப்பக்கம் போய்த் துழாவி, மரச்சட்டம் அடித்த ஒரு தகரப் பலகையைக் கொண்டுவந்து பெட்டியின் காலுக்கடியில் செருகினான். அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்தியது. ஆட்டம் நின்றது.

நின்ற பிறகுதான் எழிலரசி அதில் எழுதியிருந்ததைப் படித்தாள். புதுச் சிவப்புப் பெயின்டில், அப்பாவின் குண்டுக் கையெழுத்து. 'நச்சுக்கொடி. தொடாதீர்.'

இழவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பிணத்தைப் பார்த்துவிட்டு அதையும் படித்தார்கள். சிலர் பெட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள். வேறு நாளாயிருந்தால் எழிலரசி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

கடலூரில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் அவள். ஒன்று புரியவில்லையென்றால் புரிகிறவரை சோறு இறங்காது. விடிகாலை மூன்று மணிக்கு அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார் என்று தம்பி போன் செய்ததும், முதல் பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் வந்துவிட்டாள். அழுது முடித்திருந்தாள். இப்போது இந்தப் பலகை. காலேஜ் தாவரவியல் தோட்டத்தில், மூலிகைப் பாத்திகளுக்குப் பொறுப்பாக இருபத்தெட்டு வருஷம் இருந்த மனுஷன். அங்கேயிருந்து ஒரு காய்ந்த சருகைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பலகை மட்டும் எப்படி வந்தது?

சருகைக்கூடக் கொண்டுவராததுதான் அவளுக்கும் அவருக்கும் இருந்த வழக்கே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா செல்லாயிக்குச் சர்க்கரை ஏறி, கால் கட்டைவிரல் புண் ஆறாமல் கிடந்தது. மாத்திரையோடு சிறுகுறிஞ்சானும் கொடுத்துப் பார்க்கலாமே என்று யாரோ சொல்ல, எழிலரசி அப்பாவிடம் நாலு இலை கேட்டாள். "அது காலேஜ் செடிம்மா. ஒருத்தருக்குக் குடுத்தா ஊருக்கே குடுக்கணும்" என்றார். பெண்டாட்டியும் ஊராரும் அவருக்கு ஒன்றா? அன்றைக்கு விழுந்த கசப்பு. அதற்கப்புறம் போனில் அவர் குரல் கேட்டால் "அம்மாகிட்ட குடுங்க" என்பதோடு சரி. நல்லதோ கெட்டதோ, கேட்டுத் தீர்த்துக்கொள்ள இனி ஆள் இல்லை. அது அவளைப் போட்டு அறுத்தது.

பத்து மணிக்குக் கொளஞ்சியப்பன் வந்தார். தோட்டத்தில் அப்பாவோடு கூட வேலை பார்த்தவர். மாலையைப் போட்டுவிட்டுக் குனிந்தவர் பலகையைப் பார்த்துத் திடுக்கிட்டார். எழிலரசி அவரைப் பந்தல் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் கேட்டாள். முதலில் மழுப்பினார். டீச்சரிடம் மழுப்ப முடியுமா?

"அது நம்ம சிறுகுறிஞ்சான் கொடிக்கு வெச்ச போர்டு பாப்பா. மழையில எழுத்து அழிஞ்சிருச்சுன்னு சனிக்கெழம எடுத்தாந்தாரு, பெயின்ட் அடிக்க."

"சிறுகுறிஞ்சான் விஷமா மாமா?"

விஷமுமில்லை, ஒன்றுமில்லை. நாலு வருஷத்துக்கு முன்பு அந்தக் கொடிக்கு அதன் பெயரைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். காலையில் வாக்கிங் வரும் சர்க்கரைக்காரர்கள் ஆளுக்கு ஒரு கை உருவிக்கொண்டு போனார்கள். இரண்டு தடவை கொடி மொட்டையாகிச் செத்தது. மூன்றாம் தடவை நட்டபோது சின்னையன் யோசித்தார். வேலியில் மண்டிக்கிடந்த, பேர் தெரியாத ஒரு காட்டுக்கொடியைப் பிடுங்கிவந்து நட்டு, அதன் முன்னால் 'சிறுகுறிஞ்சான்' என்று பலகை வைத்தார். நிஜக் கொடிக்கு இந்தப் பலகை. புரொபசருக்கும் தெரியும், மாணவர்கள் வரும்போது மட்டும் கழற்றி வைப்பார்களாம்.

"அதத் தின்னவங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"பதினஞ்சு நாள் ஆட்டுக்குப் போட்டுப் பாத்துட்டுதான் நட்டாரு. அப்பறம் அவுரே தின்னு பாத்தாரு. ஒண்ணும் செய்யாது. நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது."

ஊர் ஜனம் அதை வளைத்து வளைத்துத் தின்றது. ஒரு பெரிய மனுஷர், சர்க்கரை இறங்கிவிட்ட சந்தோஷத்தில் சின்னையனுக்கு அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிவந்து கொடுத்தாராம். கொளஞ்சியப்பன் இதைச் சொல்லிவிட்டுத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

நிஜ இலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழிலரசி கேட்டாள். அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அது லேசு. ரெண்டு எலய மென்னுட்டு சக்கரய வாயில போட்டுப் பாரு. இனிப்பே தெரியாது, மணலாட்டம் நறநறன்னு இருக்கும். பசங்களுக்கு அண்ணன் அதத்தான் செஞ்சு காட்டுவாரு."

அவரைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவள் உள்ளே போனாள். அப்பா ஊரையே ஏமாற்றியிருக்கிறார், அதுவும் ஒரு கொடிக்காக. கோபப்படுவதா மெச்சுவதா என்று தீர்மானிக்க முடியவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து மாத்திரை போட்டாளா என்ற நினைவு அப்போதுதான் வந்தது. அலமாரியில் பார்த்தால், தை மாதம் வாங்கிய அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. இது ஆவணி.

"நான் எங்க அதெல்லாம் போடறேன்" என்றாள் செல்லாயி. அழுதழுது குரல் கம்மியிருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு மகளின் காதருகே வந்தாள். "ஒங்கப்பா குடுக்கலன்னா எனக்கு வழியில்லியா? சோறு எடுத்துட்டுப் போவேன்ல, அவுரு மோட்டார் கொட்டாயில சாப்புடற நேரத்துல நானே போயி உருவிட்டு வந்துருவேன். எழுத்துக் கூட்டிப் படிச்சேன் தெரியுமா? சி, று, கு… அறிவொளி வகுப்புல படிச்சது வீணாப் போவல."

எழிலரசி விரல்விட்டு எண்ணினாள். எட்டு மாதம். மாத்திரையை நிறுத்திவிட்டு, ஆடு தின்கிற தழையை, புருஷன் எழுதி வைத்ததை நம்பித் தின்றிருக்கிறாள். ஊரை ஏமாற்ற வைத்த பலகை கடைசியில் சொந்தப் பெண்டாட்டியை ஏமாற்றியிருக்கிறது. இதை எப்படிச் சொல்வது? இன்றைக்கா, அவரைப் பக்கத்தில் கிடத்திவைத்துக்கொண்டா? சொல்லாமல் விட்டால் இவளும் போய்ச் சேர்ந்துவிடுவாளே. அவளுக்கு அப்பாவின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

"எங்க வெச்சிருக்க அத?"

அரிசி ட்ரம்முக்குப் பின்னால். பழைய பிஸ்கட் டப்பா. மொட்டைமாடியில் நிழலில் காயவைத்து எடுத்து வைப்பாளாம், காலையில் காப்பிக்கு முன்னால் இரண்டு மெல்லுவாளாம். சின்னையனுக்குத் தெரியவே தெரியாதாம். தன் சட்டை எங்கே தொங்குகிறது என்றே தெரியாத மனுஷனுக்கு இதுவா தெரியப்போகிறது?

"கடசியா எப்பப் பறிச்ச?"

"பத்து நாளாச்சு. கால் நோவுது, எங்க போறது?"

எழிலரசி டப்பாவைத் திறந்தாள். அடியில் மொறுமொறுவென்று காய்ந்த இலைகள். மேலே ஒரு பிடி மட்டும் பச்சை போகாமல், துவண்டு, மெத்தென்று கிடந்தது. பத்து நாள் ஆன இலை இப்படியா இருக்கும்? மிஞ்சிப்போனால் இரண்டு நாள்.

சனிக்கிழமை. அப்பா பலகையை எடுத்துவந்த நாள்.

அவள் அந்த இலைகளில் இரண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். கசந்தது. கசப்பு எந்தத் தழைக்கும் உண்டு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆடி மாசத்திலிருந்து அம்மா போனில் புலம்பிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. காலைக் காப்பி இனிக்கவே மாட்டேன் என்கிறதாம். கடைக்காரன் சர்க்கரையில் ரவையைக் கலக்கிறானாம். சர்க்கரைக்காரிக்குக் காப்பியில் சர்க்கரை எதற்கு என்று இவள்தான் சத்தம் போட்டாள்.

வாசலில் பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் தூக்குவாளியில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். எழிலரசி ஒரு டம்ளர் வாங்கி ஒரு வாய் குடித்தாள். வெந்நீரில் தேயிலைச் சாயத்தைக் கலக்கியது மாதிரி இருந்தது.

"யக்கோவ், டீயா பாயசமா இது?" என்று ராஜவேல் முகத்தைச் சுளித்தான்.

தில்லையம்மாள் சங்கடப்பட்டு, அவசரத்தில் கை தவறி ஜாஸ்தி கொட்டிவிட்டதாகச் சொன்னாள். "ஒனக்கும் தெவட்டுதா எழிலு?"

"இல்லக்கா. சரியா இருக்கு."

டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் அம்மாவிடம் திரும்பி வந்தாள். டப்பாவை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தாள். பிறகு மாத்திரை அட்டையைக் கிழித்து ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"ஏன், அந்த எல சரியில்லியா?"

"நல்ல எலதாம்மா. இதயும் போட்டுக்க."

செல்லாயி அதை விழுங்கினாள். வெளியே கொளஞ்சியப்பன் ராஜவேலிடம், பெட்டியை எடுத்ததும் பலகையைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகக் கொடி வெறுமனே நிற்கிறதாம், எவனாவது உருவிவிடப் போகிறானாம்.

எழிலரசி பெட்டியின் அருகே போய் உட்கார்ந்தாள். டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரின் அடியில் கரையாத சர்க்கரை நிறையத் தங்கியிருந்தது. விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். நறநறவென்று இருந்தது. இன்னொரு தடவையும் வழித்தாள்.