எல்லா நெஞ்சும் சுத்தம்

கண்ணுகளா, தரவுச் சுருக்கம் என்று ஒரு படிப்பு இருக்கிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒருத்தர் அடுத்து என்ன சொல்வார் என்று முன்பே தெரிந்துவிட்டால் அவர் அதைச் சொல்லவே வேண்டாம், இடம் மிச்சம். நாம் எதிர்பாராதது எதுவோ அதை மட்டும் எழுதி வைத்தால் போதும். அதுதான் செய்தி.

அந்தக் கணக்கில் நம் ஆய்வுக்கூட இயக்குநரின் பேச்சு மொத்தத்தையும் ஒரு செருமலுக்குள் அடக்கிவிடலாம். செருமினால் "நான் என்ன சொல்றேன்னா" வரும். அதன் பின்னால் அவர் சின்ன வயதில் வாங்கிய பரிசு வரும். அதன் பின்னால் காபி வரும். அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் காபிக்காகத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அங்கே ஒரு ஆராய்ச்சிக்காரி இருந்தாள். பல வருஷமாகப் பக்கத்து மருத்துவமனைக்குப் போய், நோயாளிகளின் நெஞ்சில் மைக் வைத்து இதயச் சத்தங்களைப் பதிவு செய்து சேர்த்தவள். பாதிக்கு மேல் குழந்தைகள். அவற்றில் சில நெஞ்சுகள் இன்று துடிக்கவில்லை. திரும்பப் போய் மைக் வைக்க முடியாது.

சேமிப்பு நிரம்பிவிட்டது. புது டிஸ்க் வாங்கலாம். வாங்கினால் இயக்குநருக்கு மாலை விழுமா? அவர் ஒரு புரோகிராம் எழுதவைத்தார். நல்ல இதயங்களின் 'லப்-டப்'பை அது மனப்பாடம் செய்துகொள்ளும். புதுப் பதிவு வந்தால், எந்த லப் எந்த நேரத்தில் என்று மட்டும் குறித்துக்கொண்டு, மிச்சத்தை இரைச்சல் என்று குப்பையில் போடும். பத்தில் ஒரு பங்குக்குச் சுருங்கியது. விருந்தாளிகளைக் கூப்பிட்டு அதைக் காட்டுவது, அன்று சாயங்காலமே மூலப்பதிவுகளை அழிப்பது என்று ஏற்பாடு.

"சார், நீங்க இரைச்சல்னு தள்ளறதுலதான் சார் நோயே இருக்கு," என்றாள் ஆராய்ச்சிக்காரி. "வால்வு கசிஞ்சா உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். அதைக் கேக்கத்தானே பதிவே பண்ணினோம்?"

"மொத்த வித்தியாசம் நூத்துல ஒண்ணு கூட இல்லம்மா. அளந்து பாத்தாச்சு."

"அந்த ஒண்ணுதான் சார் விஷயம்."

"அக்கா, சார் எவ்வளவு பாத்திருப்பாரு!" என்றான் உதவி இயக்குநர். அவனுக்குக் கேன்டீனில் வைத்த பெயர் தலையாட்டி. சார் தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான்.

காட்சி நாள் வந்தது. கண்ணாடிக் கதவு போட்ட கூட்ட அறை, நீள மேசை, ஓரத்தில் ஒலிபெருக்கி. விருந்தாளிகளோடு மருத்துவமனையின் இதய டாக்டரம்மாவும் உட்கார்ந்திருந்தார். ஆராய்ச்சிக்காரி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள்.

"யாரோட பதிவு சார் போடட்டும்?" என்று கேட்டாள். பதில் என்னவென்று அவளுக்குத் தெரியும். கேட்பதற்கு முன்பே அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தாள்.

"இதென்ன கேள்வி? என்னோடதையே போடு!"

ஆய்வு தொடங்கிய நாளில் முதல் ஆளாக நெஞ்சைக் காட்டியவர் அவர். தன் வால்வு கசிவதையும், அதோடே தான் உழைப்பதையும் லிஃப்டில் ஏறுபவர்களிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

சுருக்கிய பதிவு விரிந்து ஒலித்தது. லப்-டப். லப்-டப். பளிங்கு மாதிரி இருந்தது.

"கேட்டீங்களா? என்ன சுத்தம்!" என்றார் இயக்குநர்.

"என்ன சுத்தம்!" என்றான் தலையாட்டி.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்ப அழகா இருக்கு. ஏன் சார், அடுத்த மாசம் உங்க வால்வை மாத்தணும்னு நாள் குறிச்சிருக்கோமே, ஊருக்கெல்லாம் சொல்லிட்டிருக்கீங்க. இந்த நெஞ்சுக்கு எதுக்கு ஆபரேஷன்? ரத்து பண்ணிடவா?"

இயக்குநர் செருமினார். முதல்முறையாக அதன் பின்னால் எதுவும் வரவில்லை.

"மத்தவங்களோடதும் இப்படித்தான் டாக்டர்," என்றாள் ஆராய்ச்சிக்காரி. "குழந்தைங்க எல்லாம் குணமாயிடுச்சு. ஒரு மருந்து கிடையாது, ஒரு கத்தி கிடையாது. சாரோட புரோகிராம்தான்."

விருந்தாளி ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். இயக்குநர் அவள் பக்கம் குனிந்தார். "என் ஒரிஜினல் இருக்கில்ல?"

"சாயங்காலம் அழிக்கச் சொன்னீங்களே சார்."

"அழிக்காதே! என்னோடத மட்டும் எடுத்து வை."

"தனியா எடுத்தா அதை எதோட ஒப்பிடறது சார்? உங்க உஸ்ஸு கூடுதா குறையுதான்னு பாக்க மத்த நெஞ்செல்லாம் கூட இருக்கணும்." டாக்டரம்மாவைப் பார்த்தாள். அவர் கண்ணைச் சிமிட்டாமல், "ஆமா, எல்லாமே வேணும்," என்றார்.

"எல்லாத்தையும் வை," என்றார் இயக்குநர். தலையாட்டி ஓடிப்போய்ப் புது டிஸ்க்குக்குச் சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்த கூட்டத்தில் அவர் செருமினார். "நான் என்ன சொல்றேன்னா, இரைச்சல்லதான் செய்தியே இருக்கு. இதை நான் ஆரம்பத்துலேர்ந்தே..."

வெட்கமாவது, மண்ணாவது. தலையாட்டி கைதட்டினான். ஆராய்ச்சிக்காரி காபிகூட வரட்டும் என்று காத்திருக்கவில்லை. டிஸ்க் இருந்த அறைக்கு எழுந்து போனாள். டிஸ்க் பெட்டியின் மேல் இயக்குநரின் பெயர் பொறித்த பெரிய பட்டை ஒட்டியிருந்தது. அதை அவள் தொடவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இப்போது இல்லாத ஒரு குழந்தையின் பதிவைத் திறந்தாள்.

லப், உஸ்ஸ், டப். அப்படியே இருந்தது.