வானுக்குப் பின்னால் ஓடிவந்தவர்கள்

1987ஆம் ஆண்டு வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்து எர்லாங்கனுக்கு உதைபந்தாட்டம் விளையாடப் போன தியாகராசாவின் வெள்ளை வான் வண்டிக்குப் பின்னால், ஓட்டோபான் நெடுஞ்சாலையில், ஏழெட்டுப் பெடியள் வெறுங்காலோடு ஓடிவந்தார்கள். வான் நூறில் போனபோது அவர்களும் நூறில் வந்தார்கள். தியாகராசா நூற்றிருபதுக்கு மிதித்தபோதும் பின்தங்கவில்லை. கை வீச்சும் மூச்சு வாங்கலும் பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி ஓடுகிறவர்களுடையது மாதிரியே இருந்தன. தார் ரோட்டில் கால் படுகிற சத்தம் மட்டும் இல்லை. பின்னால் வந்த ஜெர்மன்காரர் யாரும் லைட் அடிக்கவில்லை, ஹோர்ன் அடிக்கவில்லை. அந்தப் பெடியளுக்கு ஊடாகவே காரை விட்டு முந்திக்கொண்டு போனார்கள்.

இதற்குக் காரணம் ஒரு திருகாணி. அதைச் சொல்வதற்கு முன் விளையாட்டைச் சொல்லவேண்டும். ஊரில் இரண்டு கல்லூரிகள் இருந்தன. பேரைச் சொன்னால் இன்றைக்கும் சண்டை வரும், அதனால் சொல்லவில்லை, பிள்ளையள். ஒன்று நீலச் சட்டை, மற்றது மஞ்சள் சட்டை, உங்களுக்கு அது போதும். இரண்டும் வருசத்துக்கு ஒருக்கால் மோதிக்கொள்வதைப் பார்க்க யாழ்ப்பாணத்தில் பாதிக் கடைகளைப் பூட்டிவிடுவார்கள். பிறகு மைதானத்தில் ஆமி வந்து கூடாரம் அடித்தது. விளையாடியவர்களில் ஓடக்கூடியவர்கள் ஓடினார்கள். அப்படி ஜெர்மனிக்கு வந்தவர்களில் நீலச் சட்டைக்காரர் பெரும்பாலும் ஹம் பக்கத்திலும், மஞ்சள் சட்டைக்காரர் எர்லாங்கன் பக்கத்திலும் விழுந்தார்கள். அகதி வழக்கு முடியாதவர்கள் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இருந்தது. என்றாலும் விளையாட்டை விட மனம் வரவில்லை. எர்லாங்கனில்தான் மைதானம் கிடைத்ததால், ஒவ்வொரு வருசமும் நீலச் சட்டைக்காரர்தான் அங்கே போகவேண்டும் என்று பேச்சு.

நீலச் சட்டையின் தலைவன் இராசலிங்கம், ஹம்மில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். அவன் மனைவி நேசமலர். அவளுக்கு ஸ்ரீதரன் என்று ஒரே ஒரு தம்பி. கல்லூரியில் கோல் கீப்பராக இருந்தவன். 1985இல் கொழும்புக்குப் பஸ் ஏறினான். பஸ் போய்ச் சேர்ந்தது, அவன் போய்ச் சேரவில்லை. இடையில் எந்தச் சோதனைச்சாவடியில் இறக்கினார்கள், யார் இறக்கினார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஊரில் இருந்த தாய் அவனுக்குக் கிரியை எதுவும் செய்யவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அந்தியேட்டி செய்கிற தாய் எந்த நாட்டில் இருக்கிறாள் என்று கேட்டாள். நேசமலரும் அப்படித்தான். தம்பியைப் பற்றிப் பேசும்போது ‘இருக்கிறான்’ என்பதைத் தவிர வேறு சொல் அவள் வாயில் வந்ததில்லை.

இனித் திருகாணிக்கு வருவோம். பொரித்த இறைச்சியைத் தெருவால் கொண்டுபோகும்போது சட்டிக்கு மேல் ஒரு கரித்துண்டோ இரும்போ வைப்பது எங்கள் வழக்கம். வைக்காவிட்டால் வாசனைக்குப் பேய் பின்தொடரும். எங்கள் ஊரில் இது பெரிய பயம்கூட இல்லை, வெயிலுக்குக் குடை பிடிக்கிற மாதிரி ஒரு கவனம், அவ்வளவுதான். ஹம்மில் அவர்கள் இருந்த வீட்டில் மின்சார அடுப்பு, கரி இல்லை. விடியவே எழுந்து புட்டு அவித்து, துருக்கிக்காரனிடம் வாங்கிய ஆட்டிறைச்சியைச் செத்தல் மிளகாயோடு பொரித்து, இரண்டு சட்டியில் நிரப்பிவிட்டு, ஒரு ஆணி தாங்கோ என்று நேசமலர் கேட்டாள். இராசலிங்கம் அலுமாரியைப் பொருத்தியபோது மிஞ்சிய ஆணிப் பையிலிருந்து இரண்டு திருகாணி எடுத்துக் கொடுத்தான். பளபளவென்று இருந்தன. அவை அலுமினியம். பேய்க்கு இரும்புக்குத்தான் பயம். அலுமினியம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. தியாகராசாவோ சட்டிகளை வானில் ஏற்றும்போது பகிடி விட்டான்.

“தங்கச்சி, எங்களுக்கே எல்லை தாண்ட அனுமதி இல்லை. பேய்க்கு ஆர் குடுக்கிறது?”

அவர்களை முதலில் கண்டது நேசமலரின் மகள் பாமாதான். பின்சீற்றில் முழங்காலில் நின்று கண்ணாடியால் பார்த்துக்கொண்டு வந்தவள், பின்னால ஆக்கள் ஓடி வருகினம் என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். எல்லோருக்கும் ஆட்களைத் தெரிந்திருந்தது. முன்னால் ஓடியவன் சந்தையில் குண்டு விழுந்த அன்று தக்காளி வாங்கப் போனவன். அவனுக்குப் பக்கத்தில் ஓடியவர்கள் ஒரே படகில் போன அண்ணனும் தம்பியும். நீலமும் மஞ்சளும் கலந்தே ஓடினார்கள். நேசமலர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கடைசி முகம்வரை பார்த்து, அதில் தம்பி இல்லை என்று கண்டபின் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்து, தலைமயிரை அவிழ்த்துக் கட்டினாள். அன்றைக்கு வானில் சந்தோசமாக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

காஸல் நகருக்கு அப்பால் இளைப்பாறும் இடம் ஒன்றில் நிறுத்தி ஒரு சட்டியைத் திறந்தார்கள். அந்தப் பெடியள் வந்து, வேலிப் பற்றைகளுக்குப் பக்கத்தில் சற்று ஒதுங்கி, விருந்துவீட்டில் பந்திக்குக் காத்து நிற்கிறவர்கள் மாதிரி மரியாதையாக நின்றார்கள். காற்று ஒருமுறை அடித்து ஓய்ந்தது. ஆளில்லை. தட்டில் போட்ட இறைச்சி போட்டபடியே இருந்தது. ஆனால் வாயில் வைத்த இராசலிங்கம், உப்புப் போட மறந்திட்டியோ என்று கேட்டான். நேசமலர் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தாள். உப்பு இல்லை, உறைப்பு இல்லை. மரத்தூளை மென்ற மாதிரி இருந்தது. மணத்தைச் சாப்பிட்ட அந்தப் பெடியள் பிறகு வானுக்குப் பின்னால் வரவில்லை. அந்த வருசம் மட்டுமல்ல, எந்த வருசமும் வரவில்லை. வயிறு நிறைந்தால் போய்விடுவார்கள் என்பதை அவள் அங்கேதான் மனதில் குறித்துக்கொண்டாள்.

எர்லாங்கனில் இறங்கியபோது இன்னொரு செய்தி காத்திருந்தது. நீலச் சட்டையின் இப்போதைய கோல் கீப்பர் தனியாக வேறு காரில் வந்தவன். வழியில் பொலிஸ் மறித்து, எல்லை தாண்ட அனுமதி இல்லாததால் திருப்பி அனுப்பிவிட்டது. நீலச் சட்டை பத்துப் பேரோடு மைதானத்தில் இறங்கியது. நடுவர் குருமூர்த்தி. மதுரைப் பக்கத்து ஆள், எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். இரண்டு கல்லூரியையும் தெரியாதவர் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் பிடித்தவர். அவர் விசிலை வாயில் வைக்கிற நேரம், வீதிப் பக்கத்துக் கதவால் ஒருவன் மெல்ல ஓடிவந்து, வெறுங்காலோடு நேரே போய் நீலச் சட்டையின் கோலுக்குள் நின்றான். ஸ்ரீதரன். கோல் கீப்பர்கள் ஓட்டத்தில் எப்போதும் கடைசிதான்.

மஞ்சள் சட்டைத் தலைவன், கல்லூரிக்குப் போகுமுன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். அவன் பார்த்தான், தலையைக் குனிந்து சப்பாத்துக் கயிற்றை இன்னொருமுறை கட்டினான். ஆட்சேபித்தவர் குருமூர்த்தி மட்டும்தான்.

“மிஸ்டர் ராசலிங்கம், பூட்ஸ் இல்லாம ஆட விடமுடியாது. ரூல் ரூல்தான்.”

“அவன் கன தூரத்தில இருந்து வாறான், ஐயா.”

“எவ்ளோ தூரமா இருந்தா என்ன சார், பூட்ஸ் போட்டுட்டு வரணும்ல?”

தியாகராசா தன் மாற்றுச் சப்பாத்தை எடுத்துக்கொண்டுபோய் கோலுக்குள் வைத்தான். முதல்நாள் மழை, கோலடி முழுவதும் சேறு. ஆட்டம் முடிந்து எடுத்தபோது அந்தச் சப்பாத்தில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. ஸ்ரீதரன் எல்லாவற்றையும் பிடித்தான். அவன் கையிலிருந்து வரும் பந்து குளிர்ந்துபோய் வந்தது. அதைத் தலையால் அடித்த இராசலிங்கத்துக்கு நெற்றி விறைத்துக் கிழமைக்கணக்கில் வலி இருந்தது. நீலச் சட்டை ஒரு கோலால் வென்றது. நேசமலர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவள் வானுக்குள் போய், தியாகராசாவின் கருவிப் பெட்டியைக் கிளறி, சில்லுக் கழட்டுகிற பெரிய இரும்புச் சாவியை எடுத்து, திறக்காத மற்றச் சட்டியின் மூடிமேல் வைத்தாள். வைத்துவிட்டு அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து அவன் வானடிக்கு வந்தான். சட்டியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். இரும்புக்குக் கிட்ட வர அவனால் ஏலவில்லை. திரும்பி வரும்போது ஹம்வரை வானுக்குப் பின்னால் தனியாக ஓடிவந்து, வீடுகள் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டான். அன்று வீட்டில் இராசலிங்கம், சாப்பாட்டைக் குடுத்திருக்கலாம் நேசம் என்றான். அதற்கு அவள் சொன்னதை அவன் கடைசிவரை மறக்கவில்லை.

“அவனுக்குப் பசிக்கட்டும். பசிக்கிற மட்டும் அவன் என்னட்டைத்தான் வருவான்.”

நீங்கள் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்கக்கூடாது, பிள்ளையள். அவன் சாப்பிட்டால் போய்விடுவான். போய்விட்டால் அவன் செத்தவன். பிறகு அதைத் தாய்க்குச் சொல்லவேண்டும், சொல்லவேண்டியவளும் அவளே. எண்பத்தெட்டாம் ஆண்டும் அவள் இறைச்சி பொரித்தாள், இரும்புச் சாவியை மேலே வைத்தாள். அவன் ஓடிவந்தான், கோல் விடவில்லை, பசியோடு திரும்பி ஓடினான். வானில் இருந்தவர்களுக்கு அது பழகிவிட்டது. ஏத்தத்தில் தியாகராசா வேகத்தைக் குறைத்துக் கொடுப்பான். இளைப்பாறும் இடத்தில் ஒருவரும் நேசமலருக்கு முன்னால் வாய் அசைக்கமாட்டார்கள். கழிவறைக்குப் போகிற சாட்டில் வானுக்குப் பின்னால் நின்று பாண் ரொட்டியைத் தின்றுவிட்டு வருவார்கள்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு ஓட்டம் சரியில்லை. அவனுடைய சட்டையின் நீலம் வெளிறிப்போயிருந்தது, அதற்கு ஊடாக ரோட்டின் வெள்ளைக் கோடு தெரிந்தது. தியாகராசா நூறிலிருந்து எண்பதுக்கு வந்தான், எண்பதிலிருந்து அறுபதுக்கு வந்தான். லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்தின. பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி வந்தவன், காஸலுக்குக் கிட்ட வாயைத் திறந்தான்.

“தங்கச்சி, அவன் விழுந்து விழுந்து எழும்பிறான். இதுக்கு மேல குறைச்சு ஓட்ட எனக்கு ஏலாது.”

நேசமலர் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்க்கிறபோதே அவன் இன்னொருமுறை விழுந்தான். கையை ஊன்றி எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, வான் எங்கே என்று தேடிவிட்டு ஓடத் தொடங்கினான். சின்ன வயதில் சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்து விழுந்தாலும் இப்படித்தான் தட்டிவிடுவான். நிப்பாட்டுங்கோ அண்ணை என்றாள்.

இளைப்பாறும் இடத்துப் புல்லில் அவள் சட்டியோடு தனியே போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் வானிலேயே இருந்தார்கள். அவன் வந்துசேர நேரம் எடுத்தது. வந்து, இரும்பு இருக்கும் தூரத்தை அறிந்தவன் மாதிரி, எட்டவே நின்றான். மூன்று வருசத்தில் முதல் தடவையாகக் கதைத்தான்.

“அக்கா, பசிக்குது.”

அவள் சாவியைத் தூக்கி எறிந்தாள். அது போய் விழுந்த இடத்தில் குப்பைத் தொட்டி ஒன்று கணீரென்றது. புட்டையும் இறைச்சியையும் தட்டில் போட்டுப் பிசைந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் சம்மாணம் கொட்டி உட்கார்ந்தான். தட்டில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் ஆவி அடங்கிற்று, மணம் அடங்கிற்று, மிளகாயின் சிவப்பு மெல்ல வெளிறியது. அவன் தட்டை அவள் பக்கம் தள்ளினான். அவள் இன்னும் போட்டாள். சட்டி முழுவதும் சப்பென்று ஆகும்வரை போட்டாள். பிறகு போத்தலைச் சரித்து அவன் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் கல்லில் விழுந்தது, கல் நனையவில்லை. அவள் மூடியைத் திருகிவிட்டு நிமிர்ந்தபோது புல் மட்டும் இருந்தது. அன்றைய ஆட்டத்தில் நீலச் சட்டை ஐந்து கோலால் தோற்றது. ஒருவரும் கோல் கீப்பரைத் திட்டவில்லை.

தாய் அப்போது கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தாள். நேசமலர் அங்கே தொலைபேசி எடுத்து, நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஓட்டோபானையும் சொன்னாள், மூன்று வருசம் பட்டினி போட்டதையும் சொன்னாள். தாய் அழவில்லை. ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

“வயிறு நிறையச் சாப்பிட்டவனோ?”

“ஓம் அம்மா. ரெண்டாம் தரமும் கேட்டவன்.”

தாய் ஊருக்குத் திரும்பிய கையோடு கீரிமலையில் அந்தியேட்டி நடந்தது. பிண்டத்தைக் கடலில் கரைத்தார்கள். அது கரையாமல் மிதந்தது. காகத்துக்குச் சோறு வைத்தார்கள். மதிலில் இருந்த காகங்களில் ஒன்றுகூட இறங்கவில்லை. கூட்டத்தில் ஆளையாள் பார்த்தார்கள். ஐயர் மந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஏதோ குறை இருக்கிறது, பிள்ளையின் ஆத்மா ஏற்கவில்லை என்றார். தாய் கண்ணில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டாள்.

“குறை ஒண்டுமில்லை, ஐயா. அவன் ஜெர்மனியில சாப்பிட்டிட்டான். நீங்கள் மிச்சத்தைச் சொல்லுங்கோ.”

ஐயர் மிச்சத்தைச் சொன்னார்.