ஓட்டுநரின் நானூறு வாக்கியங்கள்

பேச்சுப் பயிற்சியாளரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பேருந்து ஓட்டுநரின் தொண்டையில் அறுவை சிகிச்சைக் கத்தி படுவதற்கு முன், மூன்று வாரம் அவரை உட்கார வைத்து அவள் பதிந்த நானூறு வாக்கியங்கள், இணையத்தில் கோப்புகளைச் சேமிக்க அவள் வைத்திருந்த இரண்டு கிளவுடிலும் இல்லை. அந்தப் பதிவுகளை வைத்துத்தான் அவருடைய குரலிலேயே பேசும் செயலியைச் செய்ய வேண்டும். குரல்வளையை எடுத்து நான்கு நாளாகிறது. இனிமேல் பதிய ஒன்றுமில்லை.

பழைய கிளவுடிலிருந்து புதியதற்குக் கோப்புகள் தானாகப் போக வழி செய்து தந்தவன் கொழுந்தன். ஓசி வேலைக்கு அவனை விட்டால் ஆளில்லை. மணிக்கொரு தரம் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று மின்னஞ்சல் வரும். அதை நம்பித்தான் இன்று காலை பழையதைக் காலி செய்தாள். பதிவுக் கருவியை அன்றன்றைக்கே துடைத்துவிடுகிறவள், அழித்த கோப்புகள் போய் விழும் குப்பைத் தொட்டியை மட்டும் விடுவாளா? அடுத்த மணிக்குப் புதிய கிளவுடும் காலி. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று அதற்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது.

"உன் மண்டையில என்ன இருக்கு?" என்று போனில் கத்தினாள்.

"அண்ணி, பழசுல இருக்கறது அச்சு அசலா புதுசுலயும் இருக்கணும், ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அப்ப அங்க அழிச்சா இங்கயும் அழியும். இடத்தை அடைக்குதுன்னு புதுசுல குப்பைத் தொட்டியையும் நிறுத்தச் சொன்னீங்க."

"அழியும்னு சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"சொன்னேன் அண்ணி. சரி சரின்னு வேற ஏதோ பாத்துட்டு இருந்தீங்க."

சொல்லியிருந்தான். அதுதான் அவளுக்கு இன்னும் பற்றி எரிந்தது. போனை மேசையில் எறிந்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

ஓட்டுநர் தலையணையில் சாய்ந்திருந்தார், கழுத்தில் குழாய். பக்கத்தில் மனைவி.

"உங்க குரல் பதிவு எல்லாம் போயிடுச்சு. நான்தான் அழிச்சுட்டேன்," என்றாள் ஒரே மூச்சில். கட்டிலில் கிடந்த எழுதுபலகையை அவரிடம் நீட்டினாள். "திட்டுங்க. என்ன வேணா எழுதுங்க."

அவர் பலகையைத் தட்டிவிட்டார். வாயைத் திறந்தார். உதடுகள் படபடவென்று அசைந்தன, நெற்றி நரம்பு புடைத்தது. குழாயில் காற்று மட்டும் சீறியது. அவர் நிறுத்தவில்லை.

பயிற்சியாளர் குனிந்து பலகையை எடுத்தாள்.

"கத்துறாரு," என்றாள் மனைவி.