மீசைக்குள் புகுந்த கடல்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, நெருங்கி உட்காருங்கள். ஒரு கடல் கதை சொல்கிறேன். யாரும் மூழ்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கடலை நான் பார்த்ததில்லை. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் எதிர்வீட்டுப் பிரபா, மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகளிடம் போய்விட்டு வந்து, ஒரு டப்பா பேரீச்சம்பழமும் பாதிக் கதையும் கொடுத்தாள். பழம் தீர்ந்துவிட்டது. கதைதான் என் கையில் இருக்கிறது.

1

நீலக் கடலின் மடியிலே வெள்ளைப் படகொன்று அன்னம் போல

வேண்டாம். அன்னத்தையும் நான் பார்த்ததில்லை. இப்படி ஆரம்பிக்கலாம்:

படகில் ஏறியதும் பிரபா புளியோதரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. எங்கள் ஊர்ப் பக்கத்து நந்தி மலை மாதிரிப் பச்சையாக இல்லை. ஒரு புல் பூண்டு கிடையாது. லாரி லாரியாக ஜல்லியைக் கொட்டிவைத்த மாதிரி, வெயிலில் வெந்து, நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது.

"இந்த மொட்டைப் பாறையைப் பார்க்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார் அவள் வீட்டுக்காரர் சீனு.

"பார்க்க வேண்டியது கீழே இருக்குப்பா" என்றாள் மகள் தர்ஷினி.

2

கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி, மூச்சுவிட வாயில் கவ்விக்கொள்ள ஒரு குழாய். அதை மாட்டிக்கொண்டு முதலில் இறங்கியவள் பிரபா.

(இந்த இடத்தில் அவள் பயந்து நடுங்கியதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். படித்துக் காட்டினேன். "நான் எங்க பயந்தேன் பெரிம்மா? தொபுக்கடீர்னு குதிச்சேன்" என்றாள். அந்தப் பக்கம் குப்பைக்குப் போயிற்று.)

சுடிதார் புஸ்ஸென்று உப்ப, முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். மேலே அத்தனை வறட்சி. கீழே கல்யாண மண்டபம். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட மீன்கள் கும்பல் கும்பலாக வந்தன. ஓர் ஆமை, யாரையும் சட்டை செய்யாமல், சாவகாசமாக அவளுக்கு அடியில் போயிற்று.

உடனே அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: அவரும் பார்க்கணும்.

சீனு டூரிஸ்ட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். இவள் அடுப்படியில் நின்றபடி கேட்பாள். பார்ப்பது அவர், கேட்பது இவள், கல்யாணமான நாளாக இப்படித்தான். இன்றைக்குத்தான் இவள் முந்திக்கொண்டாள். முந்தியதில் சந்தோஷமில்லை. பக்கத்தில் அவர் மிதக்க வேண்டும், கையைத் தொட்டு அந்த ஆமையைக் காட்ட வேண்டும். மறுநாள் ஊருக்குத் திரும்புகிறார்கள். விட்டால் இனி எப்போது?

3

சீனு கடலில் இறங்கினார். கடல் அவர் கண்ணாடிக்குள் இறங்கியது. இருமிக்கொண்டு ஏறினார். மறுபடி இறங்கினார், மறுபடி அதே கதி.

குற்றவாளி மீசை. கண்ணாடியின் ரப்பர் மேலுதட்டில் ஒட்ட வேண்டும். அங்கே ஒரு புதரே இருந்தது. பிரபா கைப்பையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து மீசைக்குத் தடவிவிட்டாள். கண்ணாடி வழுக்கிக்கொண்டு கழுத்துக்கு வந்தது.

"எடுத்துடுங்கப்பா. பையில ரேசர் இருக்கு" என்றாள் தர்ஷினி.

"எங்கப்பா ஊர்ல குத்துக்கல்லாட்டம் இருக்கார். வாய் கூசாம சொல்றியே!" என்று பதறினார் சீனு.*

*முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுப்போயிற்று. அவர்கள் வீட்டில் ஒருவன் மீசையை எடுப்பது அப்பா போன அன்றைக்குத்தான். அவர் இருக்கும்போது எடுத்தால், போகச் சொன்ன மாதிரி.

"முழுசா வேணாங்க. மூக்குக்குக் கீழ மெல்லிசா ஒரு கோடு மட்டும் எடுத்தா போதும், ரப்பர் ஒட்டிக்கும்" என்றாள் பிரபா.

"கோடு எடுத்தா மீசை எடுத்த கணக்குதானே?"

"அது எப்படி கணக்காகும்?"

"ஆகாதுன்னு யார் சொன்னா?"

யாரிடம் கேட்பது? சம்பந்தப்பட்டவரிடமே. தர்ஷினி தாத்தாவுக்கு வீடியோ கால் போட்டாள்.

4

இங்கே பெரியவரைத் தழுதழுக்க வைத்துப் பார்த்தேன். "மகனே, உன் மகிழ்ச்சியே என்" சேச்சே, அவர் அப்படிப் பேசுகிறவரே இல்லை. அவர் சொன்னது இது:

"எடுத்துத் தொலைடா. நான் என்ன உன் மீசையைப் பிடிச்சுக்கிட்டா தொங்கிட்டிருக்கேன்?"

பின்னாலிருந்து அவர் சம்சாரத்தின் குரல்: "எடுத்துட்டு இந்த வாசப்படி ஏறட்டும், பார்க்கிறேன்!"

படகில் சிரிப்பு. ரேசர் தர்ஷினி கையில். பிரபா தண்ணீரில் மிதந்தபடி, ஒரு கையால் படகைப் பிடித்துக்கொண்டு, புருஷன் முகத்தையே பார்க்கிறாள்.

5

பிரபா கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். "மிச்சத்தை நீங்களே எழுதிக்கோங்க பெரிம்மா" என்று ஒரு சிரிப்பு.

எழுதினேன். ஒன்றில், கோடு எடுத்தாயிற்று. இருவரும் கை கோத்து மிதந்தார்கள், ஆமை திரும்பி வந்தது. இன்னொன்றில், அம்மா பேச்சை மீற மாட்டாமல் அவர் படகின் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டார். அவள் முங்கி முங்கிப் பார்த்துவந்து சொல்லச் சொல்ல, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டையும் அடிக்க மனசு வரவில்லை.

நேற்றுக் காலை இருவரும் பால் வாங்க வந்தார்கள். நல்ல குளிர். சீனு மப்ளரை மூக்கு வரை சுற்றியிருந்தார், மீசை கண்ணில் படவில்லை.

"ஏம்பா, அந்த ஆமை எப்படி இருந்தது?" என்று நைசாகக் கேட்டேன்.

அவர் பிரபாவைத் திரும்பிப் பார்த்தார். கண் மட்டும் சிரித்தது.

"நீயே சொல்லு" என்றார்.

மப்ளரை நான் இழுக்கவில்லை. இழுக்க வேண்டுமா வேண்டாமா என்பது இனி உங்கள் பாடு. நீங்கள் நல்லாயிருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நூறு வயது இருக்கட்டும். நல்லது ஒன்று கண்ணில் படும்போது, கூப்பிட்டுக் காட்ட உங்கள் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.