பேக்கப் ஆள்

எங்கள் கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கிறவருக்கு எல்லாம் தெரியும், வேலை என்னவென்று மட்டும் தெரியாது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

எனக்கு எட்டாவது மாதம். கால் வீங்கி, செருப்புக்குள் நுழைய மறுக்கிறது. பஸ் டிக்கெட் விற்கும் எங்கள் தளத்தின் டேட்டாபேஸை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கிறேன். அது படுத்துக்கொண்டால் கம்பெனி கொடுத்த போன் அலறும். குளித்துக்கொண்டிருந்தாலும் எடுத்தாக வேண்டும்.

"பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. இந்த மாசத்தோட வேலைய நிறுத்துங்க, இல்லன்னா குழந்தைக்கு ஆபத்து" என்றார் டாக்டர். மேனேஜரிடம் சொன்னேன். "ஆள் வந்த மறுநாளே லீவு எடுத்துக்கோங்கம்மா, யாரு வேண்டாம்னா?" என்றார்.

ஆள் எடுக்கிறவரிடம் போனேன். "சார், நான் இல்லாதப்ப என் வேலையப் பாக்க எனக்கு ஒரு பேக்கப் வேணும். அவ்வளவுதான்" என்றேன். மாங்கு மாங்கென்று கீபோர்டைத் தட்டிக் குறித்துக்கொண்டார்.

விளம்பரம் வந்தது. வீட்டில் என் நாத்தனார்தான் சத்தமாகப் படித்தாள். "பேக்கப் நிஞ்ஜா தேவை! டேட்டாவுக்காக உயிரையே விடும் ராக்ஸ்டாரா நீங்கள்? டேப்பில் பேக்கப் எடுப்பதில் பன்னிரண்டு வருட அனுபவம் கட்டாயம். வயது இருபத்தைந்துக்குள்."

"அப்போ பதிமூணு வயசுலயே வேலைக்குச் சேர்ந்திருக்கணும் அண்ணி" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் தொழிலில் டேட்டாவை டேப் நாடாவிலோ வேறெதிலோ நகலெடுத்துப் பத்திரப்படுத்துவதற்கும் பேக்கப் என்றுதான் பெயர். நான் கேட்டது எனக்குப் பதில் நிற்க ஒரு மனுஷரை. ஆள் எடுக்கிறவர் தேடியது நகலெடுக்க ஒரு ஆளை.

மறுநாள் காலையில் நேராக அவர் மேஜைக்குப் போனேன்.

"நீங்கதானே மேடம் பேக்கப்னு சொன்னீங்க?"

"நிஞ்ஜான்னு நான் சொன்னேனா?"

"அது சும்மா ஒரு கெத்துக்கு."

விளம்பரத்தை மாற்ற மேலிடம் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். மேலிடம் வாயே திறக்கவில்லை. அதற்குள் டேப் வேலை பார்த்தவர்கள் வரிசையாக வந்து போனார்கள். ஒருவர், "இது என் வேலையே இல்லைங்களே, லீவு போட்டுட்டு வந்தேன்" என்று பாவமாகச் சொன்னார். அவரிடம் நான்தான் மன்னிப்புக் கேட்டேன். விளம்பரம் எழுதினவர் கேட்கவில்லை.

அப்போதுதான் முன்பு என்னோடு வேலை பார்த்த அக்கா கூப்பிட்டார். இந்த டேட்டாபேஸின் நாடி பிடிக்கத் தெரிந்தவர். பிள்ளைகளுக்காக வேலையை விட்டவர், இப்போது மறுபடி வேலை தேடுகிறார். "நிஞ்ஜா வேஷமெல்லாம் இந்த வயசுல கட்ட முடியாதும்மா. இருந்தாலும் உனக்காக அப்ளிகேஷன் போட்டிருக்கேன்" என்றார். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மாதக் கடைசி வந்தது. அக்காவுக்கு அழைப்பு வரவில்லை. பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன்.

"டேப் அனுபவம் இல்லையே மேடம். வயசும் ஒத்து வரல. சிஸ்டமே தள்ளிவிட்டுருச்சு" என்றார் ஆள் எடுக்கிறவர், மழை பெய்கிறது என்பதுபோல.

பக்கத்தில் நின்ற மேனேஜர் பூசி மெழுகினார். "ஆள் கிடைக்கிற வரைக்கும் வீட்டுலேர்ந்தே பாருங்கம்மா. படுத்துக்கிட்டுகூடப் பாக்கலாம், லேப்டாப்தானே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வயித்துல இருக்கறதுக்கும் ஒரு லேப்டாப் குடுத்துடுங்க சார், அதுவும் சேர்ந்து பாக்கட்டும்!" என்று கத்திவிட்டேன். மொத்த அலுவலகமும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். எனக்கு வெட்கமே வரவில்லை.

கம்பெனி போனை எடுத்து ஆள் எடுக்கிறவரின் மேஜையில் வைத்தேன். பையை மாட்டிக்கொண்டேன். கதவுவரை போயிருப்பேன், போன் அலறியது. டேட்டாபேஸ் படுத்துவிட்டது. மேனேஜர் ஆள் எடுக்கிறவரைப் பார்த்தார். அவர் போனைப் பார்த்தார், தொடவில்லை.

"மேடம், எடுத்து என்ன சொல்றது?"

"ஆள் இல்லன்னு சொல்லுங்க."