தேயாவுக்குக் கிடைத்த அர்த்தம்

தனேஸ்வரனைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். அந்த ஜவ்வாது வாசம், பேசும்போது வாயோரத்தில் திரளும் வெள்ளை நுரை, அதைத் துடைத்த விரலாலேயே பிறர் நெற்றியில் திருநீறு பூசிவிடும் பழக்கம் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். அவர் அவிழ்த்துவிடும் பொய்யைத்தான் பொறுக்க முடியாது. அப்படிப்பட்ட பொய் ஒன்றுக்கு நானே கச்சாப்பொருள் எடுத்துக் கொடுத்தேன் என்பதுதான் என் தீராத வயிற்றெரிச்சல்.

நான் ஈப்போவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இந்த ஆண்டு சித்ரா பௌர்ணமிக்குச் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் நிலவைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். நிலா எப்படி உண்டானது என்று விஞ்ஞானிகள் சொல்லிப்பார்த்த விளக்கங்களை எடுத்துப் பேசினேன். பூமி தலைதெறிக்கச் சுழன்றபோது பிய்ந்துபோன துண்டுதான் நிலா என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பசிபிக் கடல் இருக்கும் பள்ளம் அந்தத் துண்டு பிய்ந்த இடம் என்றுகூடச் சிலர் நம்பினார்கள். எங்கிருந்தோ வந்து வழியோடு போய்க்கொண்டிருந்த ஒன்றைப் பூமி இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டது என்றார்கள் வேறு சிலர். இரண்டும் ஒரே தூசியில் பக்கத்துப் பக்கத்தில் திரண்டவை என்றும் ஒரு கட்சி உண்டு. எல்லாவற்றிலும் ஏதாவது ஓட்டை. நிலவிலிருந்து கொண்டுவந்த கற்களைச் சோதித்துப் பார்த்த பிறகு, இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வது மோதல் கொள்கையை. சுமார் நானூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன்பு, செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் இளம் பூமியின்மேல் வந்து மோதியது. மோதிய கோள் உடைந்து, உருகி, பெரும்பகுதி பூமியோடு கலந்துபோனது. வெளியே சிதறியது திரண்டு நிலா ஆனது. அந்தக் கோளை யாரும் பார்த்ததில்லை. அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர், கிரேக்கப் புராணத்தில் நிலவைப் பெற்ற தாயின் பெயர்.

அந்தப் பெயரைத் தமிழில் எழுதப் போய்த்தான் வினை வந்தது. தியா என்று எழுதினால் பெண்பிள்ளைப் பெயர் மாதிரி இருந்தது. தீயா என்று எழுதினால் எங்கோ பற்றிக்கொண்ட மாதிரி இருந்தது. ரொம்ப யோசித்து, ரொம்பப் புத்திசாலித்தனமாக, 'தேயா' என்று எழுதித் திரையில் பெரிதாகக் காட்டினேன்.

நான் முடித்ததும் நன்றியுரை சொல்ல மேடையேறினார் தனேஸ்வரன். இவர் தொழிலுக்குக் காப்புறுதி முகவர்; மேடைக்குச் 'செந்நாவரசு'. பட்டம் கொடுத்தது யார் என்று கேட்டுப் பயனில்லை. திரையைப் பார்த்தவருக்குக் கண்கள் அகல விரிந்தன.

"தேயா! அன்பர்களே, தேயா! தேயாத என்ற சொல்லின் இறுதி கெட்டால் என்ன? தேயா! ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்! தேய்கின்ற நிலவைப் பெற்றவள் தேயாதவள்! வெள்ளைக்காரன் நேற்றுக் கண்டான். தமிழன் அன்றே பெயர் வைத்துவிட்டான்!"

இலக்கணம் சரி. மற்றதெல்லாம் குப்பை. ஆனால் மண்டபம் அதிர்ந்தது. என் ஒரு மணி நேரப் பேச்சுக்குக் கொட்டாவி விட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கீழே இறங்கியவரிடம் நேராகப் போனேன்.

"ஐயா, அது கிரேக்கச் சொல்லு. தமிழ்ல அப்படி எழுதினது நான்தான்."

"நீங்க எழுதல டீச்சர். ஒங்க கையப் பிடிச்சுத் தமிழ்த்தாய் எழுத வச்சா," என்று சொல்லிவிட்டு என் தலையில் கை வைத்தார். அன்றிரவு இரண்டு தடவை தலைமுழுகினேன்.

அந்தப் பேச்சு டிக்டாக்கில் ஏறியது. வாரத்துக்கு வாரம் பொய்க்குச் சதை போட்டது. இந்தச் செய்தி ஓர் ஓலைச்சுவடியில் இருந்ததாம். சுவடி எங்கே என்றால் கறையான் தின்றுவிட்டதாம். தின்பதற்கு முன்பு தனேஸ்வரனின் தாத்தா எஸ்டேட் லயத்தில் உட்கார்ந்து அதைப் படித்தாராம். என் பள்ளி ஆசிரியர் அறையிலேயே அதை எனக்கு அனுப்பி, 'பெருமையா இருக்குலா' என்று எழுதியிருந்தாள் ஒருத்தி. இரண்டு பட்டம் வாங்கியவள். படித்தவர்கள் இப்படி வாயைப் பிளந்துகொண்டு எதையும் விழுங்குவதைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டேன். ஆனால் என் தங்கை துளசிக்குப் பெண் பிறந்து கொஞ்ச நாளில் அவள் கணவன் சுகுமாரன் ஃபோன் பண்ணினான். ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சாது.

"அக்கா, பேரு முடிவாயிருச்சு. தேயா."

"என்னது?"

"தேயாக்கா. ஒங்க பேச்சுல வந்ததுதான். எழுதறதுக்கும் செனாங்லா, சுலபம், ரெண்டே எழுத்து. தனேஸ் அண்ணனே வந்து பேர் வைக்கிறேன்னுட்டாரு."

கத்தினேன். அவன் எல்லாவற்றுக்கும் "ஆமாக்கா, ஆமாக்கா" என்றான். சனிக்கிழமை பேர் வைப்பது, திங்கட்கிழமை ஜேபிஎன் அலுவலகத்தில் பிறப்பைப் பதிவது என்று முடிவாகிவிட்டதாம். ஒரு மோசடிக்காரனின் பொய் என் தங்கை மகளின் பிறப்புப் பத்திரத்தில் ஏறி, அவள் சாகும்வரை கூட வரப்போகிறது. அதற்கு முன்பு எல்லார் முன்னிலையிலும் அதைக் கிழித்துப் போடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். மண்டபத்தில் காட்டிய படங்களைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டு புந்தோங்குக்குக் கிளம்பினேன்.

சுகுமாரன் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தது. மீகூன் தட்டுகளில் ஈ மொய்த்தது. ஸ்பீக்கரில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். துளசியின் மாமியார் முத்தம்மா தொட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளை வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அதைத் தூக்கவில்லை என்று துளசி முன்பே சொல்லியிருந்தாள்.

"பாரு டீச்சரு, எலிக்குஞ்சாட்டம் இருக்கு. எங்க பரம்பரையில இப்படி ஒண்ணு பொறந்ததில்ல."

"எடை ஏறிடும் அத்தை. டாக்டர் பயமில்லன்னு சொல்லிட்டாரு."

"டாக்டருக்கு என்ன தெரியும்? ஜெலாப்பாங்குல எங்க நாத்தனா பேத்திக்கும் இப்படித்தான். வயித்துல ரெட்டையா இருந்துச்சாம். ஒண்ணுதான் வந்துச்சு. கூட இருந்தத தின்னுட்டு வந்த பிள்ள. அத வீட்டுல வச்சுக்கிட்டா வெளங்குமா? நான் போயி மொகத்தக்கூடப் பாக்கல. இன்னிக்கி வரைக்கும் பாக்கல."

"பிள்ள எப்படி அத்தை இன்னொண்ணத் தின்னும்? அந்தச் சின்ன உசுரு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒங்க சயின்ஸெல்லாம் ஸ்கூல்ல வச்சுக்க." கையை வீசி என்னைத் தள்ளுவது போல் காட்டினார். "எம் மவன் நல்ல பேரா எடுத்துட்டு வந்தான். தேயாதாம். சாமி, அதுக்கப்பறமாவது தேயாம இருக்கட்டும்."

பேசிய வாயைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து துளசி இருந்த அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"துளசி, முன்னாடியே சொல்லிடுறேன். அந்த ஆளு பேசி முடிச்சதும் மைக்க நான் வாங்குவேன். தேயான்னா தேயாதவன்னு அர்த்தமில்ல. மோதி உடைஞ்சு காணாமப்போன ஒண்ணுக்கு எவனோ வச்ச பேரு. அதச் சொல்லிட்டுத்தான் போவேன். உனக்குக் கோவம் வந்தா வரட்டும்."

"தெரியும்க்கா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நானும் அன்னிக்கி மண்டபத்துல இருந்தேன்லா. கடைசி வரிசையில, வயித்தத் தூக்கிக்கிட்டு. நீ என்ன சொன்னே? அந்தக் கோளு இல்லாமப் போகல, பூமிக்குள்ள கலந்துருச்சு, அதோட துண்டு பூமிக்கு அடி ஆழத்துல இன்னமும் இருக்கலாம்னு சில பேரு சொல்றாங்க, அப்படின்னே."

சொன்னேன்தான். நிரூபிக்கப்படாத ஒரு கருத்து, போகிறபோக்கில் ஒரே ஒரு வாக்கியம். கதவு சாத்தியிருக்கிறதா என்று துளசி எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"மொத ஸ்கேன்ல ரெண்டு இருந்துச்சுக்கா."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அடுத்த தடவ போனப்ப ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணு கரஞ்சிருச்சும்மா, சில சமயம் இப்படி நடக்கும்னாரு டாக்டரு. எங்க டாக்டர் போச்சுன்னேன். உள்ளுக்குள்ளயே கலந்துரும்னாரு." சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அதுக்குச் சாமி கும்புட முடியாது. பேர் வைக்க முடியாது. இருந்துச்சுன்னுகூட யார்ட்டயும் சொல்ல முடியாது. அன்னிக்கி நீ சொன்னப்பவே இந்தப் பேரு மனசுல விழுந்துருச்சு. ரெண்டுக்கும் சேத்து ஒரே பேரா இருக்கட்டும்க்கா."

"சுகுமாரனுக்கு?"

"தெரியும். ரெண்டு பேரும் சேந்துதான் முடிவு பண்ணோம். அவங்கம்மாட்ட என்னன்னு சொல்றது? அதான் இவரு, தனேஸ் அண்ணன் வீடியோவக் காட்டி, தேயாதுன்னு அர்த்தம்மா, பழைய தமிழ்ப் பேரும்மான்னு சொல்லிச் சம்மதிக்க வச்சாரு."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீ எல்லாத்தயும் திருத்துவியே."

அவள் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். தங்கை வயிற்றில் ஓர் உயிர் வந்து போயிருக்கிறது, நான் டிக்டாக்கைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்திருக்கிறேன். ஏதாவது சொல்ல வாயெடுப்பதற்குள் வெளியே ஸ்பீக்கர் அலறியது. செந்நாவரசு வந்துவிட்டார்.

கூடாரம் நிறைந்திருந்தது. துளசி பிள்ளையோடு மணையில் உட்கார்ந்தாள். சுகுமாரன் என்னைப் பார்த்தான். அவனுக்கு வியர்த்து வழிந்தது. முத்தம்மா அதே நாற்காலியில், அதே ஒரு முழம் தள்ளி. தனேஸ்வரன் ஆரம்பித்தார். பசிபிக், பெயரெச்சம், ஓலைச்சுவடி, கறையான், தாத்தா. வாயோரம் நுரைத்தது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலுமாக வழித்து வேட்டியில் தேய்த்துக்கொண்டார். பிறகு, பிள்ளையின் நாக்கில் தொட்டு வைக்க, அந்த விரலையே சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கம் நீட்டினார்.

நான் எழுந்து போய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன்.

"ஸ்பூன்ல குடுக்கலாம் ஐயா. சின்னப் பிள்ள."

கூட்டத்தில் சலசலப்பு. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் என்னை அளந்தது. நான் எதற்கு எழுந்தேன் என்று நினைத்தாரோ, முந்திக்கொண்டார்.

"இதோ! நிலவை ஆராய்ந்த ஆசிரியை! நான் சொன்னது பொய்யென்றால் இவரே சபையில் சொல்லட்டும். தேயா என்றால் தேயாதவள். தமிழன் வைத்த பெயர். சரிதானே டீச்சர்?"

மைக்கை என் வாய்க்கு நேரே நீட்டினார். அதன் வலையில் அவருடைய எச்சில் பளபளத்தது. நான் மாதக்கணக்கில் ஏங்கியது இந்த ஒரு மைக்குக்குத்தான். படங்கள் கைபேசியில் தயாராக இருந்தன. நான்கு வாக்கியத்தில் இந்த ஆளைத் தோலுரித்துவிடலாம். அதற்குப் பிறகு முத்தம்மா கேட்பார்: அப்படியென்றால் உடைந்து கலந்துபோனதன் பெயரைத் தெரிந்துகொண்டேவா பிள்ளைக்கு வைத்தீர்கள், ஏன் வைத்தீர்கள், சொல்லுங்கள். துளசிக்குப் பொய் சொல்ல வராது. சுகுமாரனுக்கு அதைவிட வராது.

துளசி என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிதான்," என்றேன்.

"விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது!" என்று அலறினார் தனேஸ்வரன். கைதட்டினார்கள். யார் யாரோ கைபேசியில் படமெடுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கிடையில் துளசி குனிந்து பிள்ளையின் காதில் பெயரை மூன்று முறை சொன்னாள். அவள் உதடு அசைந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது.

நான் வீட்டுக்குப் பின்புறம் போய்க் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தேன். துப்பினேன். மறுபடியும் கொப்பளித்தேன். அந்த மைக் என் உதட்டில் படவே இல்லை, ஆனாலும் நாற்றம் போகவில்லை. நாளைக் காலைக்குள் என் 'சரிதான்' பேராக் மாநிலம் முழுவதும் சுற்றிவிடும். திங்கட்கிழமை வகுப்பில் எவனாவது கேட்பான். எந்த முகத்தோடு பதில் சொல்வேன் என்று தெரியவில்லை.

பின்னால் காலடிச் சத்தம். முத்தம்மா நின்றுகொண்டிருந்தார். பிள்ளையைத் தோளில் போட்டிருந்தார். ஒரு கை அதன் முதுகை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.

"தனேசு என்னத்தயாவது ஒளறுவான்னு எனக்கும் தெரியும் டீச்சரு. அவன் பேச்ச வச்சு நான் எதயும் நம்பறதில்ல." பிள்ளையின் உச்சியை முகர்ந்தார். "நீ சொன்ன பாரு, அப்பத்தான் மனசு அடங்குச்சு. அதுக்கப்பறந்தான் தூக்குனேன். ஒனக்குப் பொய் பேச வராதுலா."

சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"வராது அத்தை," என்றேன்.